பாகம் பிரிந்த ஆப்கள்

பென்னாகரம் கடைவீதியில் துவரம்பருப்பும் கடலை எண்ணெயும் எடுத்துக்கொண்டு பில் போட நின்றேன். "போன் நம்பர் சொல்லுங்க சார்" என்றான் கவுன்ட்டரில் இருந்த பையன். "தர முடியாது" என்றேன். நம்பர் அடிக்காமல் கம்ப்யூட்டர் நகராதாம். "தம்பி, பில்லுக்குப் போன் நம்பர் கேட்டு வற்புறுத்தக் கூடாதுன்னு 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை கடைக்காரங்களுக்குச் சொல்லியாச்சு" என்று ஆரம்பித்தேன். பின்னால் கூடையோடு நின்ற எங்கள் தெரு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்குப் போயி எதுக்குங்க இத்தனை பேச்சு? சார் நம்பர் எங்கிட்ட இருக்குது, அடிச்சுக்க தம்பி" என்று பத்து இலக்கத்தையும் உரக்க ஒப்பித்தார். வரிசையில் நின்ற இன்னொருவரும் அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். எதற்கென்று கேட்கவில்லை. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அதற்கு முந்தின ராத்திரி நான் தூங்காமல் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உங்களுக்கே தெரியும். நீங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்திருப்பீர்கள். எஃப்-ட்ராய்டு என்ற கட்டற்ற ஆப் கிடங்கில் ஒரு குறிப்பெடுக்கும் ஆப் தேடல். மூல நிரல் திறந்திருக்கிறதா, உரிமம் ஜிபிஎல்லா அப்பாச்சியா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், எக்ஸோடஸ் அறிக்கையில் ட்ராக்கர் பூஜ்யம்தானா, இன்டர்நெட் அனுமதி கேட்கிறதா, கேட்டால் ஏன்? இவ்வளவும் பால் கணக்கு எழுதிவைக்க. கடைசியில் ஒன்று அகப்பட்டது. அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன்.

அதற்கு முன் ஆப்களின் பங்காளித் தகராறைப் பேசியாக வேண்டும். கட்டற்ற ஆப் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெரிய காரியமில்லை. தேர்ந்தெடுத்து, பழகி, நாலு பேருக்குச் சிபாரிசும் செய்த பிறகு அந்தக் குடும்பம் பாகம் பிரியும். சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்று ஒரு கூட்டுக்குடும்பம் இருந்தது. கேலரி, காலண்டர், டயலர், கான்டாக்ட்ஸ், ஃபைல் மேனேஜர் எல்லாம் ஒரே கூரையடியில். விளம்பரமில்லை, வேவு இல்லை. 2023 கடைசியில் பெரியவர் மொத்தத்தையும் ஸிப்போஆப்ஸ் என்ற கம்பெனிக்குக் கிரயம் பண்ணிவிட்டார். ஜிபிஎல் பத்திரத்தில் ஒரு நல்ல ஷரத்து உண்டு: வீடு கைமாறினாலும், அதே வீட்டை அப்படியே பக்கத்து மனையில் யாரும் கட்டிக்கொள்ளலாம். கூட வேலை பார்த்தவர்கள் ஃபாஸிஃபை என்ற பெயரில் கட்டினார்கள். வாசல், ஜன்னல், அடுப்படி எல்லாம் அதே இடத்தில். ஒவ்வொரு அறையாக நான் சாமான் மாற்றினேன்.

சாமான் இறக்கி மூச்சு விடுவதற்குள் மேப் வீட்டில் சத்தம். மேப்ஸ்.மீ கைமாறியதும் அதிலிருந்து பிரிந்து வந்தது ஆர்கானிக் மேப்ஸ். பிரிந்து வந்தவர்களுக்குள்ளேயே வரவு செலவு யார் பார்ப்பது, சாவி யார் கையில் என்று மனக்கசப்பு. 2025இல் உழைத்தவர்களில் பலர் பகிரங்கக் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு கோமேப்ஸ் என்று தனிக்குடித்தனம் போனார்கள். தாத்தா, அப்பா, பேரன் மூவரும் என் போனில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லை. ஒகேனக்கல் காட்டுச் சாலையில் டவர் போன பிறகு மூன்று பேரும் ஒரே வழியைத்தான் காட்டுகிறார்கள். காட்டத்தான் வேண்டும், வரைபடம் மூவருக்கும் பொதுவான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். பொதுப் புளியமரம், உலுக்குவது மட்டும் தனித்தனி.

கீபோர்டிலும் இதே கதை. ஓப்பன்போர்டு கவனிப்பாரில்லாமல் கிடந்தது, ஹெலிபோர்டு பிரிந்து வந்தது. தமிழ்99 விரலில் ஊறியவன் நான். வீடு மாறும்போதெல்லாம் முதலில் தேடுவது அதைத்தான். கோப்புகளை ஒத்திசைக்கும் ஸிங்க்திங்கின் ஆண்ட்ராய்டு ஆப்பை 2024 டிசம்பரோடு முடித்துக்கொண்டார்கள். அதன் பங்காளிக்குப் புதுப் பெயர் தேடும் சிரமம்கூட இல்லை, பெயரே ஸிங்க்திங்-ஃபோர்க். சண்டை சச்சரவு இல்லாமல் போனது கே-9 மெயில் மட்டும்தான். 2022இல் தண்டர்பேர்ட் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் பேசி முடித்து, 2024 அக்டோபரில் தண்டர்பேர்ட் என்ற பெயரிலேயே ஆண்ட்ராய்டில் குடிவந்தது. அங்கேயும் பழைய பெயர்ப் பலகையைக் கழற்றவில்லை. கே-9 வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு கே-9. என் மாதிரி ஆட்கள் அடம்பிடித்திருப்போம்.

இத்தனை பாகப்பிரிவினையையும் உட்கார்ந்து படித்து, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லி, அதன்படி ஆப் மாற்றுகிறவன் டீக்கடையில் என்ன செய்கிறான்? யூபிஐ-க்குக் கட்டற்ற ஆப் ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. இருப்பதில் ஒன்றைத் திறந்து ஸ்கேன் செய்கிறேன். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர், பதினைந்து ரூபாய் வந்துவிட்டது என்று பஸ் ஸ்டாண்டுக்கே அறிவிக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். இந்தப் பெட்டியின் குரல் அதைவிடக் கணீர்.

சிக்னலைப் பற்றிப் பேசவே எரிச்சலாக இருக்கிறது. 2021 ஜனவரியில் வாட்ஸப் புதுக் கொள்கை என்று கிளப்பியபோது சொந்தபந்தம் எல்லாம் சிக்னலுக்கு ஓடிவந்தது. பொங்கல் முடிந்ததும் வந்த வழியே திரும்பிவிட்டது. போன வாரம் அக்கா மகன் கூப்பிட்டான். "பத்திரிகை வாட்ஸப்ல போட்டனே மாமா, பாக்கலையா?"

"நான் சிக்னல்லதான்டா இருக்கேன்."

"சிக்னல் இருந்தா வந்திருக்கணுமே மாமா!"

விளக்க ஆரம்பித்தேன். "சரி மாமா, நேர்லயே வந்து வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டான். வந்தான், வெற்றிலை பாக்கோடு வைத்தான், என் போனை வாங்கி வாட்ஸப்பையும் ஏற்றிவிட்டுப் போனான்.

இதெல்லாம் போதாதென்று 2025 ஆகஸ்டில் கூகுள் ஒரு அறிவிப்பு விட்டது. பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப் கொடுப்பவர்களும் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் கொடுத்துத் தங்களை உறுதி செய்துகொள்ள வேண்டுமாம். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், அப்புறம் மற்ற நாடுகள். இது வந்தால் நாங்கள் இன்றைய வடிவில் நடத்த முடியாது என்று எஃப்-ட்ராய்டு கொதித்தது. நான் தேடிப் பிடித்தேனே, அந்தக் குறிப்பு ஆப்பை எழுதியவரும் தன் திட்டப் பக்கத்தில் நாலு வரி போட்டிருக்கிறார்: விவரம் தர மாட்டேன், வேண்டுமானால் ஆப்பையே நிறுத்திவிடுகிறேன். கொள்கை உள்ள மனிதர், மெச்சுகிறேன். ஆனால் என் பால் கணக்கு அதற்குள்ளே கிடக்கிறது, எக்ஸ்போர்ட் பட்டனை அவர் இன்னும் வைக்கவில்லை.