நாக்கு கம்பி எண்ணும் காலம்

பல்லுக்குக் கம்பி போட்டதும் வாயில் கிளம்பும் வலி இரண்டு வகை. ஒன்று பல்லின் வலி. மற்றது கன்னம், உதடு, நாக்கு ஆகிய சதைகளின் வலி. இரண்டும் ஒரே வாயில் ஒரே நாளில் வந்து சேர்வதால், பல்வலிக்குத் தேன் தடவுவதும் நாக்குப் புண்ணுக்கு மாத்திரை விழுங்குவதுமாக முதல் வாரம் கழியும். சென்னையில் இதைக் ‘கிளிப் போட்டிருக்கு’ என்பார்கள். தில்லியில் ‘தாந்த் மே தார்’. இந்தியில் தார் என்றால் கம்பி. கரோல் பாக்கில் பேரன் வீட்டுக்குப் புதிதாக வந்திறங்கிய பாட்டி, ரோட்டுக்கு ஊற்றுவதைப் பல்லுக்கு ஏன் ஊற்றினார்கள் என்று பதறினால் அவர் மேல் தப்பில்லை.

பல்லின் வலி முதலில். பல், சுவரில் அடித்த ஆணி போல எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. கம்பி இழுக்கும்போது இத்திசு ஒரு பக்கம் நசுங்குகிறது. அந்தப் பக்கத்து எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது. பல் இப்படி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். மாலை ஆறரை மணிக்குத் தில்லியின் ஆசிரம் சந்திப்பைக் கடந்தவர்களுக்கு இந்த வேகம் புதிதல்ல.

கம்பியை முறுக்கிய சில மணி நேரத்தில் வலி தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே கிளினிக்கிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்து, ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று அம்மாவுக்குப் போன் செய்பவர் இன்னும் நான்கு மணி நேரம் பொறுத்துப் பேசியிருக்கலாம். மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமாலைத்தான் பல மருத்துவர்கள் சொல்வார்கள். பல் நகர்வதற்குப் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் துணைபுரிகிறது. இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் அதன் உற்பத்தியையே அடக்குபவை. வலியோடு வேலையையும் நிறுத்திவிட்டால் காசு கொடுத்த அப்பா சும்மா இருக்க மாட்டார்.

கம்பியின் சுபாவத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. தொடக்கத்தில் மாட்டப்படுவது பெரும்பாலும் நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த கலவை. நைட்டினால் என்ற அதன் பெயரின் பின்பாதி, அதை உருவாக்கிய அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தினுடைய முதலெழுத்துகள். 1970களில் அது பல் சிகிச்சைக்கு வந்தது. கடற்படைச் சரக்கு வாய்க்குள் வந்து பூப்போல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதில் ஒரு வகை, சூடு பட்டால் விறைக்கும், குளிர் பட்டால் தளரும். ஜனவரிப் பனிமூட்டத்தில் குல்லட் என்ற மண்குவளையில் ஆவி பறக்கும் டீயை உறிஞ்சினால் கம்பி குஷியாகி இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஐஸ் தண்ணீர் ஒரு வாய் வைத்திருந்தால் சற்று நேரம் அடங்கும். மே மாத அனல்காற்றில் கம்பி போட்டுக்கொண்டவருக்கு இது வைத்தியம். ஜனவரியில் போட்டுக்கொண்டவருக்குத் தண்டனை.

அடுத்தது சதை. கன்னத்தின் உட்புறமும் உதடும் இத்தனை காலம் வழவழப்பான பல்லோடு குடித்தனம் நடத்தியவை. திடீரென்று பல்லுக்குப் பல் ஓர் இரும்புப் படிக்கட்டு முளைத்ததும் உரசி உரசிப் புண்ணாகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் அவையும் பழகிவிடும். அதுவரை மெழுகுதான் துணை. கிளினிக்கில் சின்ன டப்பாவில் தரும் இந்த மெழுகைப் பட்டாணி அளவு கிள்ளி (தில்லிக்காரர்கள் ராஜ்மா அளவு கிள்ளிவிடுகிறார்கள்), விரலில் உருட்டி, பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டுகளில் குத்துவதை முதலில் பஞ்சால் துடைத்து ஈரம் போக்கிவிட்டு அமுக்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் அடுத்த வாய்ச் சாதத்தோடு போய்விடும். தவறி விழுங்கினாலும் கெடுதல் இல்லை, ருசியும் இல்லை. கடைவாயில் கம்பி நுனி நீண்டு கன்னத்தைக் குத்தினால் அதன்மேலும் மெழுகை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். நகவெட்டியோடு உதவிக்கு வரும் சித்தப்பாவை மரியாதையாக மறுத்துவிடுவது நல்லது. டிசம்பரின் வறண்ட காற்றில் உதடு தானாகவே வெடிக்கும் ஊர் இது. சட்டைப்பையில் மெழுகுக்குப் பக்கத்தில் வாசலினும் இருக்கட்டும்.

நாக்கின் கதை வேறு. வழக்கமான கம்பி பல்லின் வெளிப்புறம் ஒட்டப்படுவது; நாக்கு உட்புறத்து வாசி. வம்பே இல்லை. ஆனாலும் முதல் வாரத்திலேயே நாக்கு நுனி சிவந்து, ஓரம் வெந்து, ரசம் பட்டால் துள்ளுகிறது. காரணம், அது தானாகப் போய்த் தொட்டதுதான். இரண்டு முனைகளை அருகருகே வைத்தால் அவை இரண்டு என்று உணர முதுகுக்குச் சுமார் 40 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். நாக்கு நுனிக்கு ஒரு மில்லிமீட்டர் போதும். அவ்வளவு கூர்மையான உறுப்புக்கு வேறு வேலை கிடையாது. சாப்பிட, பேச, மற்ற நேரமெல்லாம் அக்கம்பக்கத்தை நோட்டம் விட. சிறையில் இருப்பதைக் கம்பி எண்ணுவது என்போம். நாக்கு அதைச் சொன்னபடியே செய்கிறது. காலையில் எண்ணும், ராஜீவ் சௌக்கில் மெட்ரோ மாறும்போது எண்ணும், இரவு தூக்கம் வராமல் முதலிலிருந்து எண்ணும். இருபதுக்கு மேல் இருக்கும் பிராக்கெட்டுகளின் எண்ணிக்கை ஒருநாளும் மாறுவதில்லை. தேய்வது நுனிதான்.

இதற்குப் பரிகாரம் நாக்கை வீட்டில் உட்கார வைப்பது. ‘ன்’ என்று சொல்ல ஆரம்பித்து அப்படியே நிறுத்தினால் நாக்கு மேல்முன்பற்களுக்குப் பின்னாலுள்ள மேட்டில் நிற்கும். அதுதான் அதன் வீடு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடிப்போகும். அழைத்து வர வேண்டும்.

1970களில் ஜப்பானில் ஃபுஜிதாவும் அமெரிக்காவில் கர்ஸும் தனித்தனியே உருவாக்கிய உட்புறக் கம்பி என்றால் நாக்கின் புகாரில் நியாயம் உண்டு. வெளியே தெரியாமல் பல்லுக்குப் பின்னால் ஒட்டுவதால் குத்துவதெல்லாம் நாக்கைத்தான். அப்போது உச்சரிப்பும் இடிக்கும். த, ந இரண்டுக்கும் நாக்கு மேற்பல்லின் பின்புறத்தைத் தொட வேண்டும். வகரத்துக்கோ கீழுதடு மேற்பல்லின் முன்புறத்தை நாட வேண்டும். ஆகையால் வெளிக்கம்பிக்காரர் ‘நமஸ்தே’ என்றும், உட்கம்பிக்காரர் ‘வணக்கம்’ என்றும் ஆரம்பிப்பது வாய்க்கு இதம். தில்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளை மிரட்டும் ழகரம், நாக்கை எதன்மேலும் படாமல் மேலே வளைப்பது. கம்பிக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பழம் ‘பலம்’ ஆவதற்குக் கம்பியைச் சாக்குச் சொல்ல முடியாது.

வீட்டு வைத்தியத்தில் முதலிடம் உப்புத் தண்ணீருக்கு. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு, நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளிப்பு. மருந்துக் கடையில் கிடைக்கும் வாய்ப்புண் ஜெல்லைச் சாப்பாட்டுக்கு முன் தடவலாம். இதற்கு மேல் அறிவுரை இலவசம். பாட்டியின் முடிவு ‘உடம்புச் சூடு’; கம்பி குத்தித்தான் புண் என்று கண்ணாடியில் காட்டினாலும் அது மாறாது. மணத்தக்காளிக் கீரை வேண்டும் என்பார். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி அதிமதுரக் குச்சியோடு வருவார், கடித்து மெல்லச் சொல்லி. கடிக்க முடிந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே என்று எந்த மொழியிலும் அவருக்கு விளக்க இயலாது.

சாப்பாட்டு விஷயத்தில் தில்லி கம்பிக்கு எதிராகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம். கோல்கப்பாவை எடுத்துக்கொள்வோம்: வாயை முழுதாகத் திறக்க வேண்டும், மூடியதும் பூரி சில்லுச் சில்லாக உடைய வேண்டும், அந்தச் சில்லு கிழித்த இடத்தில் புளியும் மிளகாயும் புதினாவும் கருப்பு உப்பும் கலந்த தண்ணீர் பாய வேண்டும். மழைக்காலத்துச் சுட்ட சோளக்கதிர், எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்து வரும். லோஹ்ரிப் பண்டிகைக்கு ரேவ்டி, கஜக் என்ற எள் மிட்டாய்கள், வேர்க்கடலை. ஆறிப்போன தந்தூரி ரொட்டி செருப்புத் தைப்பவரின் துறை. ஊரிலிருந்து வந்த சீடையைப் பற்றிப் பேச வேண்டாம். கோகுலாஷ்டமிக்கு மறுநாள் பிராக்கெட் கழன்று வருபவர் மருத்துவருக்குப் புதியவர் அல்லர்.

இடையில் இரண்டு புகலிடங்கள் உண்டு. சாந்தினி சௌக்கின் தஹி பல்லா என்ற தயிர்வடை, புளிச்சட்னி இல்லாமல். இன்னொன்று, குளிர்காலத்தில் மட்டும் பழைய தில்லிச் சந்துகளில் விற்கும் தௌலத் கி சாட். பாலைக் கடைந்தெடுத்த நுரை அது. நாக்கில் வைத்ததும் காணாமல் போகும். மேலே தூவிய பிஸ்தாவை மட்டும் நண்பரிடம் தள்ளிவிட வேண்டும். மற்ற நாட்களில் கிச்சடி, இட்லி, குழைந்த தயிர்சாதம். தயிர்சாதத்தைப் பல வருடமாகக் கேலி செய்துவந்த வடக்கத்தி நண்பர்கள், தங்கள் வாயில் கம்பி ஏறிய வாரத்தில் தமிழர் வீட்டுக்கு டப்பாவோடு வருவதுண்டு. சாம்பார் பல்லுக்கு மெத்து. அதிலுள்ள மஞ்சள்தூளோ பிராக்கெட்டைச் சுற்றிய நிறமில்லாத ரப்பர் வளையத்தை ஒரே வேளையில் மஞ்சளாக்கிவிடும். விவரம் தெரிந்தவர்கள் முதலிலேயே கடும் நீலத்தைக் கேட்டு வாங்குவார்கள்.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வீக்கம், காய்ச்சல், கழன்று ஆடும் பிராக்கெட் ஆகியவற்றுக்கு மெழுகும் தயிரும் போதாது; மருத்துவரைப் பார்க்க வேண்டும். எய்ம்ஸின் பல் மருத்துவ மையத்திலும், பஹதூர் ஷா ஜஃபர் மார்கில் உள்ள மௌலானா ஆசாத் பல் மருத்துவக் கழகத்திலும் பல் சீரமைப்புக்கென்றே தனித் துறைகள் உள்ளன.

சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை வருடம். கழற்றிய அன்று பல் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். நாக்கு கொஞ்ச நேரம் திகைத்துப் போய்ச் சும்மா இருக்கும். பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்கக் கீழ் முன்பற்களின் பின்புறம் ஒரு மெல்லிய கம்பியைப் பல வருடத்துக்கென்று ஒட்டிவிடுவது வழக்கம். நாக்கு அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆகும்.