வளர்த்த காதும் உப்பங்காற்றும்

கேள்வி: மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்வோர், துளை பெருக்கிய காதுக்கு மலிவான, தீங்கற்ற அணியாக எதைத் தேர்வது?

பதில்: இன்று புதுப் பாணியாக விற்கப்படும், காதுத்துளையைப் பெருக்கும் இவ்வழக்கம் நெல்லை, தூத்துக்குடிப் பாட்டிமாருக்குப் பழையதே. குணுக்கு எனப்படும் ஈயத்துண்டைத் தொங்கவிட்டுக் காதுமடலை இறக்கிய அவர்கள், மெல்லிய பொன்தகட்டினுள் அரக்கு நிரப்பிய பாம்படம் என்னும் காதணியை அணிந்தனர். வெளியே பொன், உள்ளே அரக்கு என்பது ஏமாற்றன்று, சிக்கனம். (ஈயம் நஞ்சாதலால் குணுக்கை மட்டும் பாட்டிமாரிடமே விட்டுவிடலாம்.)

மரக்காணத்திலோ வியர்வையிலும் கடற்காற்றிலும் உள்ள குளோரைடு, நிக்கல் கலந்த மலிவு உலோகங்களை அரிக்க, கசியும் நிக்கல் ஒவ்வாதோர்க்குத் தோலில் தினவையும் கொப்புளத்தையும் உண்டாக்குவதால், கவரிங் அணியில் மிச்சமான பணம் தோல் மருத்துவரிடமே சென்று சேரும். உடலுள் பொருத்தும் தரத்து டைட்டானியம் சிறந்தது. அதற்குக் கை எட்டாதோர்க்கு வெடிப்பற்ற, வழவழப்பான கண்ணாடி அடைப்பான், அதாவது துளையை நிறைக்கும் உருளை, போதுமானது. ஆறாத துளைக்கு மரமும் அக்ரிலிக்கும் ஆகா.

ஆறாத துளையைக் கழுவுவதிலும் கவனம் வேண்டும்: புண் கழுவும் மருத்துவ உப்புக்கரைசலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பே உள்ளது. உப்பு விளையும் பாத்தி நீரிலோ 250 கிராமுக்கும் மேல் இருப்பதால், அருகில் கிடைக்கிறதே என்று அதில் கழுவுவது காதை ஊறுகாய் போடுவதாகும்.