ஜின்ஃபண்டல் எத்தனை வருடம் தாங்கும்?

கே: ஜின்ஃபண்டல் ஒயினை வாங்கின கையோடு குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் வீண் என்கிறாரே கடைக்காரர்?

ப: அவர் கடையில் உள்ள பெரும்பாலான பாட்டில்களுக்கு அது சரி. மிச்சம் இருக்கும் கொஞ்சத்துக்கு அது அநியாயம்.

கே: அந்தக் கொஞ்சம் எது?

ப: கலிஃபோர்னியாவின் சோனோமா பக்கம் நூறு வயது தாண்டிய திராட்சைத் தோட்டங்கள் இன்னும் காய்க்கின்றன. அந்தக் காலத்துக்காரர்கள் ஜின்ஃபண்டலைத் தனியாக நடவில்லை. பெட்டிட் சிரா, கரின்யான், அலிகாண்டே புஷே என்று ஊடே ஊடே கலந்து நட்டார்கள். ஜின்ஃபண்டல் பழ ருசி தரும். பெட்டிட் சிரா துவர்ப்பும் கருநிறமும் தரும். கரின்யான் புளிப்பைக் காப்பாற்றும். துவர்ப்பும் புளிப்பும் இருந்தால்தான் ஒயினுக்கு ஆயுள். ரிட்ஜ் நிறுவனம் 1966-இல் முதன்முதலாகச் செய்த கைசர்வில், 1972-இல் தொடங்கிய லிட்டன் ஸ்பிரிங்ஸ் இரண்டும் இந்த ஜாதி. லேபிளில் ஒரு திராட்சையின் பெயரைப் போட வேண்டுமென்றால் அது 75 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். கைசர்வில் பல ஆண்டுகளில் அந்தக் கணக்குக்குள் வராது. அதற்காகக் கலவையை மாற்றவில்லை. லேபிளில் ‘கைசர்வில்’ என்று மட்டும் போட்டார்கள். 1969-இல் ரிட்ஜில் சேர்ந்து 2016 வரை அதை நடத்திய பால் டிரேப்பரை நான் மதிப்பதற்கு இந்தப் பிடிவாதமே போதும்.

கே: வருடம் ஏற ஏறப் போதையும் ஏறுமா?

ப: ஏறாது. திராட்சையில் இருந்த சர்க்கரை புளித்து முடிந்த அன்றே ஆல்கஹால் கணக்கும் முடிந்தது. 14.5 சதவீதம் என்றால் பத்து வருடம் கழித்தும் அதேதான். ஏறுவது ருசி மட்டும்.

கே: அப்படி என்ன ருசி?

ப: புது ஜின்ஃபண்டலை ஊற்றினால் கருஞ்சிவப்பு, பிளாக்பெரி ஜாம் பாட்டிலை அப்போதுதான் திறந்தது மாதிரி வாசனை, பின்னால் மிளகு. பன்னிரண்டு வருடம் ஆனதை வெள்ளைத் துணிக்கு முன்னால் சாய்த்துப் பிடியுங்கள்: நடுவில் மாதுளை நிறம், ஓரத்தில் செங்கல் நிறம். ஜாம் போய்விட்டது. காய்ந்த அத்தி, புகையிலை, தேவதாரு, கொஞ்சம் தோல் வாசனை. மிளகு மட்டும் அங்கேயே நிற்கிறது. துவர்ப்புச் சத்தும் நிறச்சத்தும் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு வண்டலாக அடியில் இறங்கிவிடுவதால் நாக்கைப் பிடித்து இழுத்த துவர்ப்பு அடங்கியிருக்கும். முதல் வாயை உடனே விழுங்காதீர்கள். அதன் சுகமே அந்த நிதானத்தில்தான்.

கே: வயதான ஜின்ஃபண்டல் போர்தோ ஒயின் மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். அதற்குப் போர்தோவே வாங்கலாமே?

ப: சாயல் வரும், ஆள் மாறாது. அந்த மிளகும், அடிநாக்கில் கடைசிவரை நிற்கும் பழத்தின் இனிமையும் போர்தோவில் கிடைக்காது.

கே: ஒரே திராட்சைதானே, பின் ஏன் பல பாட்டில்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுகின்றன?

ப: ஜின்ஃபண்டல் குலை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு காய் பச்சையாக, பக்கத்தில் ஒன்று கனிந்து, அதற்கடுத்தது கிஸ்மிஸாகவே சுருங்கி இருக்கும். எல்லாம் கனியட்டும் என்று காத்திருந்தால் சர்க்கரை எகிறி, ஆல்கஹால் 16 சதவீதத்தைத் தொடும். புளிப்பு காணாமல் போகும். முதல் வருடம் ஆளை அசத்தும் ஒயின் அது. ஐந்தாம் வருடம் காரம் மட்டும் மிஞ்சும்.

கே: ஜின்ஃபண்டல் அமெரிக்கத் திராட்சைதானே?

ப: பூர்வீகம் குரோவேஷியக் கடற்கரை. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரிடித்தும் குரோவேஷிய விஞ்ஞானிகளும் 2001-இல் டிஎன்ஏ பார்த்து உறுதி செய்தார்கள். இத்தாலியின் பிரிமிட்டிவோவும் இதே திராட்சைதான்.

கே: இனிப்பான ரோஸ் நிற ஒயிட் ஜின்ஃபண்டலையும் வைத்திருக்கலாமா?

ப: வேண்டாம், இன்றே குளிர வைத்துக் குடியுங்கள். ஆனால் அதை இளப்பமாகப் பேசாதீர்கள். 1970-களில் சட்டர் ஹோம் கொண்டுவந்த அந்த ஒயின் சக்கைப்போடு போட்டதால்தான், பிடுங்கி எறியப்பட இருந்த பல கிழட்டுக் கொடிகள் பிழைத்தன.

கே: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருக்கிறேன். கராஜில் அடுக்கி வைக்கலாமா?

ப: கோடையில் அந்தக் கராஜுக்குள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், பதில் கிடைத்துவிடும். ஒயினுக்கு வேண்டியது 13 டிகிரி செல்சியஸ், இருட்டு, ஆட்டம் அசைவு இல்லாத இடம். கார்க் காயாமல் இருக்கப் பாட்டில் படுத்தே இருக்க வேண்டும்.

கே: திறக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ப: முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கட்டும். பழைய கார்க் பொடியும், மெதுவாக இழுங்கள். ஆடாமல் அசையாமல் டிகாண்டரில் ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். மணிக்கணக்கில் காற்றாட விட வேண்டாம். கிழ ஒயின் சீக்கிரம் களைத்துவிடும்.

கே: கடைசியாக, எத்தனை வருடம்தான் காத்திருப்பது?

ப: ஒரே வருடத்துக் கைசர்வில்லோ லிட்டன் ஸ்பிரிங்ஸோ மூன்று பாட்டில் வாங்குங்கள். ஐந்தாம் வருடம் ஒன்று, எட்டில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று. ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் எட்டாம் வருடம், ஆட்டுக்கறி வறுக்கும் நாளில், நாலு நண்பர்களைக் கூப்பிட்டுத் திறங்கள்.