செத்தவருக்குச் சம்பளம் உண்டா?

கொசப்பாளையம் வாசகர்: பிணத்தை வைத்துக் கம்பெனி காசு பார்க்கும் 'சாய்லன்ட் கிரீன்' படம் பார்த்தீர்களா? பயந்தீர்களா?

பார்த்தேன். 1973-இல் வந்த படம், கதை நடப்பது 2022-இல். ஊரெல்லாம் பசி, கம்பெனி பச்சை பிஸ்கட் போடுகிறது, பிஸ்கட்டுக்குள் இருப்பது செத்துப்போனவர்கள். நிஜமான 2022-இல் நமக்கு ரேஷனில் அரிசிதான் போட்டார்கள். ஆனால் அந்த செப்டம்பரில் பாடகர் பம்பா பாக்யா காலமானார். 2024-இல் 'லால் சலாம்' படத்துக்குப் புதுப் பாட்டு பாடிவிட்டார். கூடப் பாடியவர் 1997-இலேயே விபத்தில் போன சாகுல் ஹமீது. பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் வீணாக லாரி லாரியாக உடம்பைச் சுமந்தார்கள். தொண்டை போதும்.

சைதாப்பேட்டை வாசகி (நம் ஆரணி சைதாப்பேட்டைதான்): இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமான் அந்தக் குரல்களைக் கம்ப்யூட்டரில் செய்யப் பாடகர்களின் குடும்பத்தாரிடம் கேட்டு, சம்பளமும் கொடுத்தாரே. அப்புறம் என்ன குறை?

கேட்டது மரியாதை, கொடுத்தது நியாயம். எல்லாரும் அப்படி இல்லை: ஒரு தெலுங்குப் படத்தில் குடும்பத்தைக் கேட்காமலே எஸ்.பி.பி.யின் குரலைச் செய்துவிட்டார்கள் என்று மகன் சரண் 2024-இல் நோட்டீஸ் விட்டார். குறை ஒன்றுதான். உயிரோடு இருக்கும் பாடகர், 'இந்த வரி நல்லா இல்லையே சார்' என்பார். இவர்கள் சொல்ல மாட்டார்கள்.

சேவூர் வாசகர்: 'கோட்' படத்தில் மறைந்த கேப்டன் விஜயகாந்த் வந்தபோது விசில் அடித்தீர்களா?

அடித்தேன். கால்ஷீட் யார் கொடுத்தது என்ற யோசனை வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் வந்தது. குடும்பம்.

தேவிகாபுரம் வாசகர்: சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டுக்கு வாரிசு உண்டு, நற்பெயருக்குக் கிடையாது. ஜெயலலிதா வாழ்க்கைப் படத்தை நிறுத்தக் கேட்ட வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமும், சுஷாந்த் சிங் ராஜ்புத் வழக்கில் 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னன: தனியுரிமை ஆளோடு போய்விடும். இரண்டுமே, இன்னொருவர் வேஷம் கட்டி நடித்த படங்கள் பற்றிய வழக்குகள். செத்தவரே வந்து பாடுவது வேறு சங்கதி.

முள்ளிப்பட்டு வாசகி: பட்டு கட்டும் நாம் இதைப் பேசலாமா?

கூடாதுதான். கூட்டை வெந்நீரில் போட்டால்தான் இழை அறாமல் வரும். உள்ளே இருப்பதை யாரும் கேட்பதில்லை. மிஞ்சிய புழுவில் எண்ணெய் எடுக்கிறார்கள், கோழிக்கும் மீனுக்கும் தீனியாகப் போடுகிறார்கள். பச்சை பிஸ்கட்டைப் பார்த்துச் சிரித்ததை வாபஸ் வாங்குகிறேன்.

கொசப்பாளையம் வாசகி: என் மாமனார் போட்ட டிசைன் இன்னும் பல தறிகளில் ஓடுகிறது. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவருக்கு என்ன?

அம்மா, இந்தப் பகுதிக்கு வந்ததிலேயே உருப்படியான கேள்வி இது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் அட்டைகள் கோத்துத் தொங்குகின்றன அல்லவா? ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழையும், அந்த இழை எழும்பும். ஓட்டை இல்லையென்றால் இழை கிடந்தபடி கிடக்கும். உங்கள் மாமனார் அன்னத்தின் கழுத்தை எங்கே வளைக்க நினைத்தாரோ, மிதியை மிதிக்கிற பையன் யாராக இருந்தாலும் அங்கேதான் வளையும். ரகுமானின் கம்ப்யூட்டருக்கு வெகு காலம் முன்பே, போனவர்களை வேலைக்கு வைத்த ஊர் நம்முடையது. கூலி மிதிப்பவருக்கு, லாபம் கடைக்கு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதில் ஊர் பெயர்தான் இருக்கும்.

போன மாதம் உங்கள் தெருவில் ஒரு பழைய அட்டைக் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். பெயர் இல்லை. வரிசை தவறாமலிருக்க மூலையில் பென்சிலில் எண்கள் மட்டும். எல்லா 7-க்கும் வால் இடப்பக்கம் சுழித்திருந்தது. உங்கள் வீட்டுப் பழைய கணக்கு நோட்டில் 7 எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.