மழைக்காலத்தில் கடல் கடப்பது எப்படி?

கேள்வி: மரக்காணம் உப்பளங்களை நம்பி வாழும் இரும்பை கிராமத்துக் குடும்பம் ஒன்று, பதினாறு வயது மகளுடன் ஆயுளில் ஒருமுறை வெளிநாடு செல்ல எப்படித் திட்டமிட வேண்டும்?

பதில்: எட்டும் தொலைவில் இருப்பது யாழ்ப்பாணம், 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணியர் கப்பல் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் அக்கரை சேர்த்துவிடும். ஆனால், கோடையில் பாத்தி நிறைய உப்புப் பூத்துக் கிடக்க, வாரும் கைகளுக்கு ஒரு நாள் ஓய்வு என்றாலும் ஒரு நாள் கூலி போயிற்று. வடகிழக்குப் பருவமழை பாத்திகளை மூழ்கடித்து ஓய்வு தரும்போதோ, அதே மழையும் காற்றும் கப்பலையும் நிறுத்திவைக்கின்றன. ஆகவே, பள்ளியில் அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் உப்பளத்தில் வேலையின்மையும் சேர்ந்துவரும் டிசம்பர் இறுதியில், சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானத்தில் செல்வதே அறிவுடைமை. கூடுதல் கட்டணம், இழக்காத கூலியில் ஓரளவு ஈடாகும்.

எங்கே போவது, எதைப் பார்ப்பது என்பதில் பாதியையாவது மகளே முடிவுசெய்யட்டும்; இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதி விண்ணப்பத்தையும் அவரே நிரப்பிவிடுவார். பதினெட்டு நிரம்பாதவரின் கடவுச்சீட்டு ஐந்தாண்டு அல்லது பதினெட்டு வயது, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும் என்றாலும், பதினைந்து வயதைக் கடந்தவர் பத்தாண்டுச் சீட்டும் கேட்கலாம். 1,500 ரூபாய் கட்டிப் பத்தாண்டுக்கே வாங்குங்கள். ‘ஆயுளில் ஒருமுறை’ என்பது பெற்றோரின் கணக்கு, மகளுடையது அன்று.