இடிக்காத கார்

காரைக் கண்டால் சைக்கிள்காரர் என்ன செய்வார்? இதைத் தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் அவர் முகத்தில் ஆக்மென்டட் ரியாலிட்டி கண்ணாடியை மாட்டிவிடுகிறார்கள். காலி மைதானம், நிஜ சைக்கிள், நிஜ வியர்வை. எதிரே வருகிற கார் மட்டும் பொய். மோதினாலும் எலும்பு முறியாது. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை.

ஆனால் கண்ணாடிக்கோ கடிவாளக் குதிரையின் பார்வை. ஹோலோலென்ஸ் 2 என்ற அத்தகைய கண்ணாடியில் பொய் உருவங்கள் தெரியும் பரப்பு மூலைக்கு மூலை 52 டிகிரிதான். பக்கவாட்டில் பாய்ந்து வருகிற ஸ்கூட்டர் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் நுழையும்வரை பிறக்கவே இல்லை என்று பொருள். உச்சி வெயிலில் காரும் ஆவி மாதிரி வெளிறிவிடும். ஆவிக்கு யார் பிரேக் பிடிப்பார்கள்?

ஸ்கூட்டர் விஷயத்தில் பாரிஸ் நகரசபை இவ்வளவு மெனக்கெடவில்லை. 2023 ஏப்ரல் 2 அன்று, வாடகை மின்ஸ்கூட்டர் வேண்டுமா என்று ஊரையே கேட்டுவிட்டது. வாக்காளர்களில் 8 சதவீதம் பேர்கூட வரவில்லை. வந்தவர்களில் சுமார் 89 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஏறக்குறைய 15,000 ஸ்கூட்டர்கள் ஆகஸ்ட் முடிவதற்குள் மூட்டை கட்டின. ஓட்டுபவரின் மனநிலையை ஆராயும் செலவு மிச்சம்.

சொந்த ஸ்கூட்டருக்கு அந்த வாக்கெடுப்பில் தடை எதுவும் இல்லை.