நூறு சதுர அடிக்காரர்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய ஒரு வீட்டின் உள்ளறையை மாத வாடகைக்கு எடுத்து, அதற்குள் முழு வாழ்க்கையையும் அடக்கிவைத்திருக்கும் தமிழரே நூறு சதுர அடிக்காரர். வயது இருபத்தைந்திலிருந்து நாற்பதுக்குள். படிப்பு பொறியியல், பிழைப்பு கணினி. பையில் வேலை அனுமதியாக எஸ் பாஸோ ஈ பாஸோ இருக்கும். குடியிருக்கும் இடத்தை அவர் ஒருநாளும் வீடு என்று சொல்ல மாட்டார், ‘ரூம்’ என்பார். வீடு என்பது மன்னார்குடியிலோ துறையூரிலோ இருக்கிறது, அல்லது எழும்பிக்கொண்டிருக்கிறது.

கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் ஊழியர்கள் இந்த வகையில் சேர மாட்டார்கள். அவர்கள் இருப்பது தங்கும் விடுதிகளில். புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, தலைக்கு 4.2 சதுர மீட்டராவது வேண்டும் என்று 2021இல்தான் விதி வந்தது. அந்த நெருக்கடி அவர்கள் விரும்பி எடுத்ததல்ல, சிரிப்பதற்குரியதும் அல்ல. நூறு சதுர அடிக்காரருடையது உட்கார்ந்து கணக்குப் போட்டு எடுத்த நெருக்கடி.

இவர் அதிகம் காணப்படும் இடம் இந்தியர் வட்டாரமான தேக்காவும் அதன் சுற்றுவட்டாரமும்: பஃபலோ ரோடு, சந்தர் ரோடு, ரோவல் ரோடு, ஃபேரர் பார்க். அங்கே அறை அமையாவிட்டால் வடகிழக்கு எம்ஆர்டி பாதையைப் பிடித்துக்கொண்டு செங்காங், பொங்கோல் என்று ரயில் நிற்கும் இடம்வரை போவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டுக்கு வராமல் இருக்க மாட்டார். அறை தேடுவது விளம்பரங்களில். அவை பெரும்பாலும் இந்த வாய்பாட்டில் இருக்கும்: ‘காமன் ரூம். எம்ஆர்டி 3 நிமிடம். ஒருவர் மட்டும். ஏர்கான் இரவில் மட்டும். லைட் குக்கிங். பியூபி பகிர்வு. விருந்தினர் கூடாது. ஏஜென்ட் இல்லை.’ இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு ஷரத்து. மூன்று நிமிடம் என்பது ஓடினால். ஏஜென்ட் இல்லை என்பதற்கு, பேரம் பேச ஆள் இல்லை என்று பொருள். பியூபி என்பது மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்த பில். மின்சாரம் 1995லேயே பியூபி என்னும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கையைவிட்டுப் போய்விட்டது, பில்லுக்கு மட்டும் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இவற்றுக்கு மேல் வீவகவின் விதிகள். வாடகைக் காலம் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. ஒரே குடும்பமல்லாதவர்கள் ஒரு வீட்டில் ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது. நாலறை வீட்டுக்கும் அதைவிடப் பெரியதற்கும் 2024 ஜனவரி முதல் தற்காலிகமாக எட்டுப் பேர்வரை அனுமதி. இந்தச் செய்தி வந்தபோது வீட்டுக்காரர்களுக்குப் பிறந்தது மகிழ்ச்சி. நூறு சதுர அடிக்காரருக்குப் பிறந்தது காலையில் குளியலறைக்கு முன் நிற்கப்போகும் இன்னும் இரண்டு பேர்.

இவருக்கு முன்னோர் உண்டு. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் கிட்டங்கிகளில் இருந்தார்கள். நீளமான கடைவீடு ஒன்றுக்குள் பல செட்டியார்களின் தொழில். ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு பாய் அளவு இடம், சம்மணமிட்டு எழுத ஒரு மேசைப்பெட்டி, பக்கத்தில் பணமும் பத்திரமும் வைக்க ஓர் இரும்புப்பெட்டி. பகலில் அதுவே அலுவலகம், இரவில் படுக்கை. சமையல் பொது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் வந்தவர்கள், குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, மூன்றாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டு கப்பலேறினார்கள். அந்தப் பாயில் படுத்துச் சேர்த்த பணத்தில் செட்டிநாட்டில் எழுந்தவை பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்குமாக, ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையும் வைத்த மாளிகைகள். கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் போய்விட்டன. இங்கே பாய், அங்கே மாளிகை என்ற சூத்திரம் போகவில்லை.

மேல்நாட்டில் சிறிய இடத்தில் வாழ்வதற்குத் தத்துவம் உண்டு. ஹென்றி டேவிட் தோரோ 1845இல் வால்டன் குளக்கரையில் கட்டிய குடில் பத்துக்குப் பதினைந்து அடி. செலவு 28 டாலர் 12½ சென்ட். எளிமையாக வாழ்ந்ததைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதினார். நூற்றைம்பது சதுர அடி என்பது தேக்காக் கணக்கில் மாஸ்டர் ரூம். சன்னலில் குளமும் தெரிந்தால் வாடகையைக் கேட்கவே வேண்டாம். இன்றைய அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பு 400 சதுர அடி வரை உள்ளதைச் சின்னஞ்சிறு வீடு என்று தனியாக வகைப்படுத்துகிறது. வீவகவின் ஈரறை ஃபிளெக்ஸி வீடுகளில் சிறிய ரகம் 36 சதுர மீட்டர், அதாவது 390 சதுர அடிகூட இல்லை. அங்கே இயக்கமாக நடப்பது இங்கே வீட்டு ஒதுக்கீட்டுக் குலுக்கலில் விழுகிறது. நூறு சதுர அடிக்காரரிடம் எளிய வாழ்க்கையின் பயன் என்ன என்று கேட்டால், மாதம் எவ்வளவு மிச்சம் என்பதை சிங்கப்பூர் வெள்ளியிலும் ரூபாயிலும் சொல்வார்.

அவருடைய அறைக்குள் கதவைத் திறந்ததும் கட்டில் வந்துவிடும். சோபா, சாப்பாட்டு மேசை, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் அலுவலகம் எல்லாம் அந்தக் கட்டில்தான். காணொளிக் கூட்டத்தில் அவருக்குப் பின்னால் தெரியும் புத்தக அலமாரி கணினி போட்டுக்கொடுத்த படம். உண்மையில் அங்கே காய்வது பனியன். கட்டிலுக்கடியில் இரண்டு பெட்டிகள். ஒன்று ஊரிலிருந்து வந்தது: பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், வடகம், ஒரு வருடத்துக்கான காய்ச்சல் மாத்திரை. மற்றது ஊருக்குப் போவது: முஸ்தபா கடையில் வாங்கிச் சேர்த்த கோடாலித் தைலம், சாக்லேட், பாதாம், மாமாவுக்கு டார்ச் லைட். இரண்டாவது பெட்டி முப்பது கிலோவைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காகத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு ஒன்று ஆணியில் மாட்டியிருக்கும். கண்ணாடி இல்லாத அறை உண்டு, தராசு இல்லாத அறை இல்லை.

ஒப்பந்தத்தில் உள்ள சொற்களில் இன்றுவரை பொருள் முடிவாகாதது ‘லைட் குக்கிங்’. வீட்டுக்கார அக்காவின் அகராதியில் அது வெந்நீரும் மேகி நூடல்ஸும். குடியிருப்பவரின் அகராதியில் குக்கர் மூன்று விசிலுக்குள் அடங்குவதெல்லாம் லைட். இரண்டு அகராதிகளும் மோதும்போது உரையாடல் இப்படி நடக்கும்:

‘தம்பி, காலையிலேயே தாளிச்சீங்களா?’

‘இல்லக்கா, சும்மா முட்டை ஒண்ணு.’

‘முட்டைக்கு எதுக்குத் தம்பி நெத்திலி?’

‘...ஒரு வாசனைக்குக்கா.’

‘அந்த வாசனை லிஃப்ட்லயே வந்து என்னைக் கூப்பிட்டிருச்சு. லைட் குக்கிங்னுதானே பேசினோம்?’

‘லைட்டாத்தான்க்கா போட்டேன்.’

இதற்குப் பிறகு ஒரு வாரம் நெத்திலி இல்லை. எட்டாம் நாள், அக்கா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, சன்னலைத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பிவைத்து, கருவாடு. துணி துவைக்க வாரத்தில் இரண்டு நாள், சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப்போடும் முறை, குளிர்பதனப் பெட்டியில் எந்தத் தட்டு யாருடையது என்பவற்றுக்கும் இதுபோன்ற எழுதாத சட்டங்கள் உண்டு. மீறினால் வழக்கு நடப்பது வாட்ஸ்அப் குழுவில். தீர்ப்பு கட்டைவிரல் வடிவில் வரும்.

நூறு சதுர அடியில் ஒரு மனிதர் எப்படி வாழ்கிறார் என்ற கேள்விக்கு விடை எளிது: அவர் அங்கே வாழ்வதில்லை, தூங்குகிறார். வீட்டின் மற்ற அறைகளை ஊர் முழுக்கப் பிரித்துப் போட்டிருக்கிறார். சாப்பாட்டு அறை தேக்கா நிலையத்தின் உணவங்காடி. அதே கட்டடத்தின் ஈரச்சந்தை அவருக்குப் பெரிய குளிர்பதனப் பெட்டி. வேண்டியதை வேண்டிய அன்று எடுத்துக்கொள்ளலாம், தட்டுத் தகராறு இல்லை. பூசையறை வீரமாகாளியம்மன் கோயில். படிப்பறை, 2005இல் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் திறந்த தேசிய நூலகக் கட்டடம். குளிர்சாதனத்துக்கு அங்கே பகிர்வு பில் வராது. கூடம், புளோக்கின் வெற்றுத்தளத்தில் உள்ள கல்மேசை. சம்பளம், விசா, ஓவர்டைம் ஆகிய மூன்று பொருள்களில் அங்கே கருத்தரங்கம் நடக்கும். மாதக் கடைசியில் கோயில் அன்னதானமும், டவ்னர் ரோட்டில் எல்லாருக்கும் சோறுபோடும் மத்திய சீக்கியக் கோயிலின் லங்கரும் கைகொடுக்கும். சம்பளம் வந்த அன்று 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் நெய் தோசை. ஊரிலிருந்து யாராவது வந்தால் விருந்தினர் அறை டன்லப் ஸ்ட்ரீட்டில் அடுக்குக் கட்டில் போட்ட விடுதி. இந்த எல்லா அறைகளையும் இணைக்கும் நடை எம்ஆர்டி. இப்படிப் பார்த்தால் அவருடைய வீட்டின் மொத்தப் பரப்பு 730 சதுர கிலோமீட்டருக்கு மேல். வாடகை கொடுப்பது கட்டில் போட்ட மூலைக்கு மட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை இவருக்கு வேன் ஆசை வரும். வெளிநாட்டில் ஒருவர் பழைய வேனுக்குள் படுக்கை, அடுப்பு, தொட்டி எல்லாம் பொருத்திக்கொண்டு வாடகை இல்லாமல் திரியும் காணொளியைக் கண்டதும் தொடங்குவது அது. முதலில் கால்குலேட்டரை எடுப்பார். அத்துடன் முடிந்துவிடும். சிங்கப்பூரில் வண்டி வாங்குமுன் வண்டி வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இல் வந்த இந்த வாகன உரிமைச் சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டு. 2023 அக்டோபரில் சிறிய கார் பிரிவிலேயே அதன் விலை 106,000 வெள்ளியைத் தொட்டது. சரக்கு வேனுக்குத் தனிப் பிரிவு, அதற்கும் தனி ஏலம். ஒரு வேளை வாங்கினாலும், உள்ளே படுக்கை போட்டுப் பெரிதாக மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். எங்கே நிறுத்தினாலும் காசு. இறங்கிப் பூங்காவில் கூடாரம் போட்டால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி. இத்தனையையும் கடந்து புறப்பட்டாலும் தீவின் நீளம் ஐம்பது கிலோமீட்டர்தான். இளையராஜா பாட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஓடுவதற்குள் கடல் வந்துவிடும்.

வண்டியில் குடியிருக்கும் வசதி சிங்கப்பூரில் அறவே இல்லை என்று சொல்லவும் முடியாது. சாங்கி வில்லேஜில் ஓய்வுபெற்ற 20 பொதுப் பேருந்துகளை ஹோட்டல் அறைகளாக்கி 2023 டிசம்பரில் திறந்தார்கள். ஓட்டுநர் இருக்கையும் ஸ்டீயரிங்கும் அழகுக்காக அப்படியே இருக்க, பின்னால் மெத்தையும் குளியலறையும். ஓர் இரவுக்குச் சில நூறு வெள்ளி. ஒரு காலத்தில் அதே பேருந்தில் ஒன்றரை வெள்ளிக்கு உட்கார்ந்தபடி தூங்கியவர் நூறு சதுர அடிக்காரர். அதில் படுத்துத் தூங்க அவர் பணம் கொடுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

மிச்சம் பிடித்ததெல்லாம் போகும் இடம் ஊர் வீடு. அது 2,400 சதுர அடி, டூப்ளெக்ஸ். நான்கு படுக்கையறை, ஒவ்வொன்றுக்கும் ஒட்டிய குளியலறை, மாடிப்படிக்கு ஸ்டீல் கைப்பிடி, முகப்பில் ரோமானியத் தூண் இரண்டு. வாஸ்து பார்த்து அடுப்படியை இருமுறை இடித்துக் கட்டியது. நான்கு நாள் விடுப்பில் வந்து கிரகப்பிரவேசம் முடித்து, பால் காய்ந்த சூடு ஆறுவதற்குள் விமானம் ஏறிவிட்டார். இப்போது அங்கே இருப்பவர்கள் அம்மாவும் அப்பாவும். அவர்கள் படுப்பது கூடத்தில், ஒரே மின்விசிறிக்குக் கீழே. மாடிக்குப் போனால் அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது. நான்கு படுக்கையறைகளையும் பயன்படுத்துவது சுவரில் பொருத்திய கேமரா மட்டுமே. நூறு சதுர அடிக்காரர் இரவு கட்டிலில் படுத்துக்கொண்டு, கைப்பேசித் திரையில் தம் நான்கு அறைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, விளக்கு எரிந்தால் ஊருக்குப் போன் செய்து அணைக்கச் சொல்வார்.

இவருடைய வாழ்க்கை மூன்று வகையில் முடிவடைகிறது. சிலர் ஊர் திரும்புகிறார்கள். 2,400 சதுர அடிக்குள் நுழைந்து, ஏர்கான் உள்ள ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, கட்டிலைச் சுவரோரம் தள்ளி, பெட்டியை அதன் அடியில் வைத்துவிடுகிறார்கள். மற்ற அறைகளில் என்ன செய்வது என்று கைவசம் பழக்கம் இல்லை.

சிலருக்கு நிரந்தரவாசத் தகுதி கிடைக்கிறது. கணவன் மனைவி இருவருமே நிரந்தரவாசிகளானால் மூன்று ஆண்டு காத்திருந்துதான் மறுவிற்பனை வீவக வீடு வாங்க முடியும். வாங்கும்போது 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் விகிதமும் பார்க்கப்படும். பிடித்த புளோக்கில் இந்தியர் பங்கு நிரம்பியிருந்தால் வேறு புளோக்கைப் பிடிக்க வேண்டும். ஒரு வழியாக வாங்கி முடித்ததும் வங்கித் தவணை தெரிய வரும். நிரந்தரவாசி முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது, ஆனால் அறையை விடலாம். விளம்பரத்தை அவர் யாரையும் கேட்காமல் எழுதிவிடுவார், வரிகள் மனப்பாடம்.

இன்னும் சிலர் குடியுரிமையும் பெற்று, நரைக்கும்வரை இங்கேயே தங்கிவிடுகிறார்கள். 55 வயதானால் அவர்கள் ஈரறை ஃபிளெக்ஸி வீட்டைக் குறுகிய குத்தகையில் வாங்கலாம். 2015இல் வந்த இந்தத் திட்டத்தில் குத்தகை 15 ஆண்டிலிருந்து 45 ஆண்டு வரை, ஐந்தைந்தாகக் கூட்டி எடுத்துக்கொள்ளலாம். வாங்குபவருக்கும் துணைவருக்கும் 95 வயது வரையாவது அது தாங்க வேண்டும் என்பது விதி. அதாவது இன்னும் எத்தனை ஆண்டு இருக்கப்போகிறோம் என்று கணக்குப் பார்த்து அந்த அளவுக்கே காசு கொடுக்கும் வீடு. விற்பனை அலுவலகத்தில் மற்றவர்கள் இந்தக் கேள்விக்குத் தயங்குவார்கள். நூறு சதுர அடிக்காரர் ஐந்தாண்டு குறைத்தால் எவ்வளவு மிச்சம் என்று கேட்பார்.